ஒற்றைப்படை முட்டைகள்

கண் அசதியாம். எனக்கு. இருபத்தொன்பது வருஷம் இந்த மைக்ராஸ்கோப்பில் முகத்தைப் பதித்துப் பதித்து மூக்குக்கு இரண்டு பக்கமும் கறுத்துப்போன ஆளிடம், போன வருஷம் மாற்றலாகி வந்த பேராசிரியை அம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளேகூட வராமல், சொல்லிவிட்டுப் போகிறார். "கலியமூர்த்தி, ஒரு சின்ன வேலை. அந்த ஒற்றைப்படை நம்பர் முட்டைகளை மட்டும் இன்னொரு தரம் எண்ணிடுங்க. காலையில உங்களுக்குக் கண்ணு அசதியா இருந்திருக்கும். திங்கட்கிழமை அறிக்கை போகணும்." நான் சரிங்க மேடம் என்றேன். அதுதான் எனக்கு இப்போது ஆறவில்லை. சரிங்க மேடம் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேராசிரியர்கள் இந்த அறைக்கு வந்து போயிருப்பார்கள், கத்துகிறவர், கிண்டல் பேசுகிறவர், வெற்றிலை போடுகிறவர், ஒருத்தராவது கலியமூர்த்தி எண்ணியதைத் திருப்பி எண்ணச் சொன்னதுண்டா? கலியமூர்த்தி நாற்பது என்றால் நாற்பது. அப்படி ஒரு பெயர். பட்டம் வாங்கியவன் இல்லை, பரிசோதனைக்கூட உதவியாளன்தான், ஆனால் இந்தக் கட்டடத்திலிருந்து டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போன பதினாறு பேருடைய புத்தகத்திலும் உள்ளே இருக்கிற எண்கள் என் கண் எண்ணியவை. முகப்பில் என் பெயர் இருக்காது, கடைசிப் பக்கத்து நன்றியில் இருக்கும், அதிலும் இரண்டு பேர் கலியபெருமாள் என்று போட்டுவிட்டார்கள். போகட்டும். பெயர் தப்பானால் தப்பாகட்டும், எண் தப்பில்லை. அதையும் இப்போது தப்பு என்கிறார்கள்.

இதில் என்ன அக்கிரமம் என்றால் எண்ணச் சொன்னதுகூட இல்லை, ஒற்றைப்படை என்று வாயைத் திறந்து சொன்னது. ஏழாம் நம்பர் முட்டையை இன்குபேட்டரிலிருந்து எடுத்து, பஞ்சு வளையத்தில் உட்கார வைத்து, ஓட்டில் வெட்டிய ஜன்னலுக்கு மேலிருந்த டேப்பைக் கோபத்தோடு பிரிக்கிறேன். எண்ணுகிறவனுக்கு எந்த முட்டையில் மருந்து, எந்த முட்டையில் வெறும் உப்புத் தண்ணீர் என்று தெரியக்கூடாது. இந்த வேலையின் ஆதாரமே அதுதான். இருபத்து நாலு முட்டை, பன்னிரண்டுக்கு மருந்து, பன்னிரண்டுக்கு உப்புத் தண்ணீர், எது எதற்கென்று எழுதிய தாள் கவரில் போட்டு ஒட்டி ஆபீஸ் பீரோவில் இருக்கும். நான் எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவரைப் பிரிப்பார்கள். காலையில் எழுதிக் கொடுத்தேன். பிரித்தார்கள். பிடித்த மாதிரி வரவில்லை. உடனே ஒற்றைப்படையை மட்டும் எண்ணு. அப்படியானால் ஒற்றைப்படையில்தான் மருந்து என்று எனக்குத் தெரியாதா? நான் என்ன கைப்பிள்ளையா? இந்த ஷமீமிடம், பாவம், ஆராய்ச்சி மாணவி, மூன்று வருஷமாக இந்த மருந்தோடு மாரடிக்கிற பெண், பத்துத் தரம் சொல்லியிருக்கிறேன், சீட்டுக் குலுக்கிப் போடும்மா, ஒன்று மருந்து ஒன்று தண்ணீர் என்று வரிசையாக வைக்காதே, ஒன்று தெரிந்தால் எல்லாம் தெரிந்துபோகும் என்று. "வரிசையா வெச்சா தப்பு வராதுண்ணே, குழம்பாம இருக்கும்" என்றது. குழம்பாமல் இருக்கிறது பார், இப்போது. வெயில் ஏறிய மத்தியானம், ஜன்னல் ஏசி ஒரு பக்கம் சொட்டிக்கொண்டிருக்கிறது, கீழே சைக்கிள் ஷெட்டில் எவனோ ஒரு வண்டியை உதைத்து உதைத்துப் பார்க்கிறான், எடுக்கவில்லை. எண்ணு கலியமூர்த்தி. உள்ளே கரு துடிக்கிறது, அவரை விதையளவு, அதற்கு மேலே விரித்த சவ்வில் சிவப்புச் சிவப்பாகக் கிளை, கிளையில் கிளை, நடுவில் மருந்தில் நனைத்த வட்டக் காகிதம். காகிதத்தைச் சுற்றி இருக்கிற வட்டத்துக்குள் குழாய் எங்கெங்கே இரண்டாகப் பிரிகிறதோ அதை எண்ண வேண்டும். அவ்வளவுதான் என் வித்தை. ஒன்று, இரண்டு, மூன்று.

மருந்து என்று சொன்னால் ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைப்பார்கள், இது ஒன்பது மணி கோத்த துண்டு. புரதம் என்பது ஆயிரக்கணக்கில் மணி கோத்த நீள மாலை என்று வைத்துக்கொண்டால், பெப்டைடு அதில் ஒரு சாண்கூட வராத துணுக்கு. உடம்பில் புதுசாக ரத்தக்குழாய் முளைக்க ஒரு சேதி போகும், அந்தச் சேதி வந்து உட்கார ஓர் இடம் இருக்கும், இந்தத் துணுக்கு முந்திக்கொண்டு போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிக்கிறோமே, அதுதான். இப்படித்தான் ஷமீம் எனக்கு விளக்கியபோது நான் திருப்பிச் சொன்னேன், அந்தப் பெண் சிரித்து, "அண்ணே, இத நான் வைவாவுல சொல்லப்போறேன்" என்றது. சீட்டுக் கிடைக்காத சேதி திரும்பிப் போய்விடும், குழாய் முளைக்காது. புற்றுநோய்க் கட்டிக்குச் சோறு போடுகிற குழாயும் முளைக்காது, சர்க்கரை முற்றினவர்கள் கண்ணுக்குப் பின்னால் களைபோல முளைக்கிற குழாயும் முளைக்காது. கிண்ணத்தில் வளர்த்த செல்லில் போட்டுப் பார்த்தபோது அப்படியே நின்றது. நானே பார்த்தேன். வலைபோலப் பின்னிக்கொண்டு வர வேண்டியவை பின்னாமல் மொட்டை மொட்டையாக நின்றன. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போன வேகம்! செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வீட்டுக்காரி மங்கையிடம் சொன்னேன். பதினெட்டு, பத்தொன்பது. துண்டு போட்ட சீட்டிலிருந்து துண்டை எடுத்து வெளியே எறிந்துவிட்டு உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள், உடம்புக்குள்ளும் இருக்கிறார்கள், இந்த மாதிரித் துணுக்குகளைக் கண்டால் நிமிஷத்தில் நறுக்கிப் போடுகிற சாமான்கள் உயிருள்ள உடம்பில் ஏகப்பட்டது, கிண்ணத்தில் இல்லை. அதை நான் மங்கையிடம் சொல்லவில்லை. இருபத்தைந்து. முப்பது. முப்பத்தொன்று.

முப்பத்தொன்று? காலையில் ஏழாம் நம்பர் முப்பத்தெட்டு. எனக்குப் பார்க்காமலே நினைவிருக்கிறது. எங்கேயோ விட்டுவிட்டேன், கோபத்தில் கண் தாவிவிட்டது. திரும்ப எண்ணுகிறேன், மேலிருந்து, கடிகாரம் சுற்றுகிற பக்கமாக, எப்போதும்போல. முப்பத்தொன்று. வியர்க்கிறது. மீதி ஏழு எங்கே போயிற்று? சில மணி நேரத்தில் குழாய் அழிந்துவிடாது, அழிந்தால் மங்கலான தடம் தெரியும். மூன்றாம் தரம் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அவை எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கின்றன. மெல்லிசுக் குழாய்கள். மயிரிழை. குழாயா நிழலா என்று ஒரு நொடி யோசிக்க வைக்கிற ரகம். காலையில் நான் அவற்றைக் குழாய் என்று எண்ணியிருக்கிறேன், இப்போது நிழல் என்று விட்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. சத்தியமாகப் பொய் சொல்லவில்லை, என் கண்ணுக்கு நிழலாகவே தெரிந்தது. இதைவிட ஒரு கேடு உண்டா? பொய் சொல்லச் சொல்லியிருந்தால் முடியாது என்றிருப்பேன், முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருப்பேன், அதற்கு எனக்குத் தைரியம் உண்டு. அந்த அம்மாள் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஒற்றைப்படை என்று ஒரு வார்த்தை சொல்லி என் கண்ணைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார். கைக்காசு போட்டு வாங்க முடிகிற சாமானா இது? இனி எந்த ஒற்றைப்படை முட்டையைப் பார்த்தாலும் மெல்லிசுக் குழாயெல்லாம் நிழலாகும், இரட்டைப்படையைப் பார்த்தால் நிழலெல்லாம் குழாயாகும். ஒன்பதாம் நம்பரை எடுத்து வைக்கிறேன். காலையில் முப்பத்தாறு. இப்போது முப்பது. பார், பார், எவ்வளவு சமத்தாக நடந்துகொள்கிறது என் கண், முதலாளி மனசு அறிந்து நடக்கிற வேலைக்காரன் மாதிரி.

முதலாளி யார்? அந்த அம்மாளா? இந்த இடத்தில் நினைப்பு ஒவ்வொரு தரமும் முட்டிக்கொண்டு நிற்கிறது, சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போகப் பார்க்கிறது, சைக்கிள் ஷெட் பக்கம், சொட்டுகிற ஏசி பக்கம், திரும்ப இங்கேயே வந்து நிற்கிறது. மங்கையின் இடது கண். கதவு நிலை வளைந்திருக்கிறது என்றாள் ஒருநாள், கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்றாள். நிலை நேராகத்தான் இருந்தது. பிறகு ஜாக்கெட் தையல். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தைக்கிறாள், நேராக ஓட்டிய தையலைக் கோணல் என்று பிரித்துப் பிரித்துத் தைத்தாள், ஒரே கையை நாலு தரம். கண் ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, பின்னால் வேண்டாத குழாய் முளைத்துக் கசிகிறது, மாதம் ஓர் ஊசி கண்ணுக்குள் போட வேண்டும் என்றார்கள். கண்ணுக்குள். அந்த ஊசியும் இதே வேலைதான், குழாய் முளைக்கிற சேதியை வழிமறிப்பது, ஆனால் அது பெரிய புரதம், சொட்டு விட்டால் உள்ளே போகாது, குத்தித்தான் செலுத்த வேண்டும். நாலு ஊசி போட்டாள். ஒவ்வொரு தரமும் முந்தின நாளே சாப்பாடு இறங்காது. மேஜையில் படுக்க வைத்துக் கண்ணிமையைக் கிளிப் போட்டு அகட்டி வைப்பார்களாம், ஊசி வருவது தெரியுமாம், மூட முடியாதாம். "மூட முடியாம வெச்சுட்டு குத்துறாங்க, அது என்ன நியாயம்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். அதனால்தான் அன்றைக்கு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன், "மங்கை, எங்க லேப்ல ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கோம், ரொம்பப் பொடிசு, ஊசி வேணாம், சொட்டா விட்டாலே உள்ள போயிடும்." கண்டுபிடிச்சிருக்கோம்! அந்த 'ஓம்' எங்கிருந்து வந்தது? இனி என்ன, சொட்டு மருந்து வருகிறது, அதுவரை கொஞ்சம் பார்ப்போம் என்று அவள் போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நான் போ என்று சொல்லவில்லை. இந்த மாதமும் போகவில்லை. நான் சொல்லவில்லை. போ என்று சொன்னால் நான் சொன்ன சொட்டு மருந்து என்ன ஆயிற்று என்று கேட்பாளே. கிண்ணத்தில் நின்றது என்றால் கண்ணில் நிற்கும் என்று எவன் சொன்னான், இந்த மாதிரி ஒன்று சொட்டாக வர வேண்டுமானால் முட்டை தாண்டி, முயல் தாண்டி, ஆள் தாண்டி, பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகுமே, அவள் கண் பத்து வருஷம் காத்திருக்குமா? இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாததா?

அப்போ முப்பத்தொன்று என்றே எழுதிவிட்டால் என்ன? யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. பன்னிரண்டு முட்டையிலும் ஆறு ஏழு குறையும், கவரில் இருப்பதோடு ஒத்துப்போகும், ஷமீமுக்குப் புத்தகம் முடியும், அந்தப் பெண்ணுக்கு ஜமாத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு மூன்று வருஷமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அந்த அம்மாளுக்குத் திங்கட்கிழமை அறிக்கை போகும், நான் வீட்டுக்குப் போய், முட்டையிலும் நின்றுவிட்டது மங்கை என்பேன். அவள் முகம் தெளியும். அடுத்த மாதமும் ஊசிக்குப் போக மாட்டாள். அதற்கும் அடுத்த மாதம். தூ. பேனாவை எடுத்து வைத்துவிட்டேன். அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டே வந்தேனே, அவராவது தன் அறிக்கைக்காக மருந்து பலிக்க வேண்டும் என்று நினைத்தார். நான் இரண்டு மாதமாக இதையேதான் வீட்டில் செய்துகொண்டிருக்கிறேன், சொந்தப் பெண்டாட்டியின் கண்ணை வைத்து. கோபம் தணியவில்லை, இன்னும் ஏறுகிறது, ஆனால் வாசல் பக்கம் போகாமல் என் பக்கமே திரும்பி நிற்கிறது. இதற்கு நாலு பேர் இருக்கிற இடத்தில் அந்த அம்மாளோடு சண்டை போட்டிருந்தாலே சுகமாக இருந்திருக்கும்.

ஷமீம் டீ கொண்டு வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு டீயை மேஜைமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது. "குறையுதாண்ணே?" என்றது, மெதுவாக. அதன் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது, உடனே பாவமாகவும் இருந்தது. "குறையுது. அதான் சரியில்ல" என்றேன். ஏழாம் நம்பர் காலையில் முப்பத்தெட்டு, இப்போது முப்பத்தொன்று என்றேன். அந்தப் பெண் கெட்டிக்காரி, விளக்க வேண்டியிருக்கவில்லை, முகம் சுருங்கிவிட்டது. "என் தப்புதான்ணே. வரிசையா வெச்சிருக்கக் கூடாது." "அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப ஒண்ணு செய். காகித பிளாஸ்திரி எடு. இருபத்து நாலு முட்டையிலயும் நம்பரை மூடி ஒட்டு. மேல அ, ஆ, க, ங, என்ன வேணா எழுது, சீட்டுப் போட்டு எழுது. எது எந்த நம்பர்னு உன் நோட்டுல மட்டும் வெச்சுக்க. கறுப்புக் காகிதத்துல ஓட்டை போட்டு ஜன்னல் மட்டும் தெரியற மாதிரி மூடு, ஓட்டுல இருக்கற புள்ளிய வெச்சுக்கூட நான் கண்டுபிடிச்சிடக் கூடாது." "மேடம் ஒற்றைப்படை மட்டுந்தானே..." "மேடம் சொல்லட்டும். எண்ணறவன் நான்." அதுவும் கோபத்தில்தான் சொன்னேன். இந்த இருபத்து நாலையும் நம்பரை மறைத்து எண்ணினால் அந்தப் பெண்ணுடைய மூன்று வருஷம் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு டீயை வைத்துவிட்டு பிளாஸ்திரியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. நான் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன், திரும்பிப் பார்க்கக்கூடாது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஒன்றரை மணி நேரம். முட்டை ஆறிப்போகாமல் ஒவ்வொன்றாக அது எடுத்துக் கொடுக்க, நான் நிமிராமல் எண்ணினேன். எது எதுவென்று தெரியாமல் எண்ணும்போது கண்ணுக்கு என்ன ஒரு விடுதலை, மெல்லிசுக் குழாய் மெல்லிசுக் குழாயாகவே தெரிந்தது, நிழல் நிழலாக. இடையில் ஒருதரம் இது ஏழாம் நம்பரோ என்று தோன்றியது, தோன்றிய உடனே பயமாக இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்து வேறு நாலு எண்ணிவிட்டுத் திரும்ப வாங்கினேன். கடைசி முட்டையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினேன். ஷமீம் தன் நோட்டைப் பிரித்து நம்பர்களுக்கு நேரே எழுதிக்கொண்டே போயிற்று, கால்குலேட்டரைத் தட்டியது, ஒருதரம் அழித்துவிட்டுத் திரும்பத் தட்டியது. ஏழாம் நம்பர் முப்பத்தேழு. மருந்து போட்டதற்குச் சராசரி முப்பத்தாறேமுக்கால், உப்புத் தண்ணீருக்கு முப்பத்தேழு. ஒன்றுமில்லை. உயிருள்ள இடத்தில் இந்தத் துணுக்கு நிற்கவில்லை. "ஒண்ணும் இல்லண்ணே" என்றது, சிரிக்கப் பார்த்தது, வரவில்லை. "மேடம்கிட்ட நானே கொண்டு போறேன். வரிசையா வெச்சது நான்னு நானே சொல்லிடறேன். மணிய மாத்திக் கோத்துப் பார்க்கலாம், நறுக்க முடியாத மாதிரி. இன்னும் ஒரு வருஷம் ஆகும்." தாளை எடுத்துக்கொண்டு படியேறியது. நான் அதனோடு போயிருக்க வேண்டும், போகவில்லை. எனக்கு வேறு ஓர் இடத்தில் இதே எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டேன், மங்கை எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் சத்தம் நின்றது. "என்னங்க, இந்நேரத்துல?" சாயந்திரம் வரும்போது ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டுவிட்டு வருகிறேன், நாளைக்கே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றேன். "அப்ப சொட்டு மருந்து?" "அது கேட்கல மங்கை. முட்டையிலேயே கேட்கல. நான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாது. நீ போன மாசமே போயிருக்கணும், நான்தான் சொல்லாம விட்டுட்டேன்." கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். கத்தட்டும், அது எனக்குத் தேவைதான். "யாரு எண்ணுனது?" என்றாள். "புதுசா வந்திருக்கற அந்தம்மாவா, நீங்களா?" "நான்தான்." "நீங்களேவா?" "ஆமா." "அப்ப சரி. ஊசிக்கே போவோம்" என்றாள். போனை வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன், அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. இரண்டு மாதம் கசிகிற கண்ணை வைத்துக்கொண்டு என் வாய்ப்பேச்சை நம்பி உட்கார்ந்திருந்தவள், ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.